டார்ச் சார் வைத்த சோதனை

எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரைப் பிள்ளைகள் 'டார்ச் சார்' என்றுதான் சொல்வார்கள். பட்டப்பகலில் டார்ச் லைட்டும் கையுமாகத் திரிகிற மனுஷரை வேறு எப்படிச் சொல்வது? பெஞ்சுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், தண்ணீர்ப் பானைக்குள், பல்வலி என்று அழுதுகொண்டு வந்த பிள்ளையின் வாய்க்குள் என்று எல்லா இடத்திலும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். பார்த்த பிறகும் நம்ப மாட்டார்.

நான் நாலாம், ஐந்தாம் வகுப்பு டீச்சர். அவரோடு ஒரே கூரைக்குக் கீழே எத்தனையோ வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். என் பொறுமைக்கே ஒரு நல்லாசிரியர் விருது தரலாம். வயிற்றுவலி, வீட்டுக்குப் போகணும் என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் முதலில் அதன் முழங்காலை அழுத்துவார். "இங்க வலிக்குதா?" பயத்தில் பிள்ளை ஆமாம் என்று தலையாட்டும். "வயித்துவலிக்கு முழங்கால் வலிக்குமா? போ வகுப்புக்கு!" தீர்ந்தது வைத்தியம். என் மாமியார் இறந்ததற்கு லீவு கேட்டபோது, "ஐயோ பாவம்" என்றார். சாயங்காலமே துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே உள்ளே போய் மாமியாரைப் பார்த்தார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும், உடனே கிளம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அழுகையே நின்றுபோய்விட்டது.

அவருடைய அப்பா மார்க்கெட்டில் தராசு பிடித்தவர். சின்ன வயதில் இவருக்கு வேலை, தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பது. விற்க வருகிறவன் ஈரச் சாக்கைக் கொண்டு வருவானாம், வாங்க வருகிறவன் தட்டில் கட்டைவிரலை வைப்பானாம். "யார் கையும் சும்மா இருக்காது டீச்சர்" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! கல்யாணத்தன்று மோதிரத்தைக் கடித்துப் பார்த்த மாப்பிள்ளை உலகத்தில் இவர் ஒருத்தர்தான் என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தம்மா இன்னும் சிரிப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இரண்டு விஷயம் அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. வராத பிள்ளையை வந்ததாக அவர் காட்டியதில்லை, படிக்காத பிள்ளையைப் படித்ததாகச் சொன்னதில்லை. மேலதிகாரிகளுக்கும் அது தெரியும். இன்னொன்று அவர் குரல். ஒலிபெருக்கியை விழுங்கிவிட்டாரோ என்று தோன்றும். பக்கத்தில் நிற்கிறவரிடம் சாக்பீஸ் கேட்டால் தெருக்கோடியில் இருக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். அதே மனுஷர் அதிகாரி யாராவது வந்துவிட்டால் பூனைக்குட்டி மாதிரி பேசுவார். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தப் பெண் வந்து மாட்டினாள்.

ஒன்றாம் வகுப்புக்குப் புது டீச்சர். சின்ன வயது, அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பாப்பா, விட்டுவிட்டுப் போன கணவன். வேலை ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். வருஷக் கடைசியில் ஆய்வாளர் வருவார். வகுப்பைப் பார்த்துவிட்டு, "வச்சுக்கலாமா?" என்று தலைமை ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேட்பார். ஆமாம் என்றால் வேலை நிரந்தரம். இல்லை என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். டார்ச் சார் எந்தப் புது டீச்சருக்கும் ஆமாம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எனக்கே அவருக்கு முந்தி இருந்தவர்தான் சொன்னார்.

முதல் நாளே அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "மாவு மில்லுக்கு மேல மாடியில குடியிருக்காங்களாம். விடிஞ்சதுலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஓடற மில்லு. அந்தச் சத்தத்துல மனுஷன் இருப்பானா? என்னமோ இருக்கு டீச்சர்."

"வாடகை கம்மியா இருக்கும் சார்."

"அது அவங்க சொல்ற காரணம்" என்றார். அவள் ஒரு காரணமும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்து பெஞ்சுகள். வரிசையாகக் கிடந்த பெஞ்சுகளை அவள் அரைவட்டமாகப் போட்டாள். எல்லாப் பிள்ளைகள் முகமும் அவளைப் பார்த்தபடி இருந்தன. எதற்கு என்று கேட்டதற்கு, "பிள்ளைங்க முகம் தெரியணும் சார்" என்றாள். முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இவர் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு வந்ததுதான் பெரிய தலைவலி. பிள்ளைகள் படிக்கத் தொடங்கிவிட்டார்கள்! சாதாரணமாகவா? ஆறு மாதம் போவதற்குள் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் பாடத்தைக் கடகடவென்று வாசித்தன. ஒவ்வொரு சொல்லையும் வாயை நன்றாகத் திறந்து, மென்று தின்கிற மாதிரி தெளிவாகச் சொல்லின. முணுமுணுப்பு கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு படிப்பது கிடையாது. டார்ச் சார் நடத்துகிற இரண்டாம், மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காக்களும் அண்ணன்களும் வீட்டில் தம்பி தங்கையிடம் பாடம் கேட்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இது பொறுக்குமா அவருக்கு?

"இயற்கையா இப்படி நடக்காது டீச்சர். நான் முப்பது வருஷமா ஒண்ணாங்கிளாஸைப் பார்க்கறேன். ஏதோ சைகை வச்சிருக்காங்க."

"என்ன சைகை?"

"அதைத்தான் பிடிக்கப் போறேன்."

அதற்குப் பிறகு அவர் தன் வகுப்பில் இருந்த நேரத்தைவிட ஒன்றாம் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்ததை எல்லாம் எனக்கு வந்து ஒப்பிப்பார். பெல் அடித்ததும் பிள்ளைகள் இரண்டு முஷ்டியைத் தூக்கி ஆட்டுகிறார்களாம். யாராவது வாசலில் வந்து நின்றால் ஒரு பிள்ளை தலைமேல் கையை வைக்கிறதாம். எந்தப் பிள்ளையும் இடத்திலிருந்து "டீச்சர், டீச்சர்" என்று கத்துவதில்லையாம், எழுந்து அவள் முன்னால் வந்து நின்றுதான் பேசுகிறதாம். இவர் ஜன்னலில் தலையை நீட்டினால் போதும், அத்தனையும் விரலை வட்டமாக வளைத்துக் கண்ணில் வைத்துக்கொள்கின்றனவாம்.

"அது என்ன குறி தெரியுமா டீச்சர்? 'ஜாக்கிரதை, விடையைச் சொல்லாதே'ன்னு அர்த்தம்!"

எனக்கு அந்த வட்டம் டார்ச் லைட்டுதான் என்று உடனே புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் வெறும் கேலிக்கா இவ்வளவு கட்டுப்பாடாக ஒரு வகுப்பே கையை ஆட்டும்? மற்ற சைகைகள் எதற்கு? சந்தேகம் என்பது சளி மாதிரி, பக்கத்தில் இருந்தால் ஒட்டிக்கொண்டுவிடும். நானும் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். வராந்தாவில் பின்னால் நடந்துகொண்டே, "டீ குடிக்கலாமா?" என்று கேட்டால் திரும்பாமல் போய்விடுவாள். எதிரே வந்தால் மட்டும் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். பேசும்போது கண்ணைப் பார்க்காமல் என் வாயையே பார்ப்பாள். என் பல்லில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் ஒரு வாரம் கண்ணாடியும் கையுமாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. படியேறுவதற்குள் தலைமுடியெல்லாம் மாவு. கதவு பாதி திறந்திருந்தது. தட்டினேன். முதுகைக் காட்டி உட்கார்ந்து பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் அசையவில்லை. விரல் கணு வலிக்கிற வரைக்கும் தட்டினேன். கடைசியில் பாப்பாதான் என்னைப் பார்த்து அவள் கையைப் பிடித்து இழுத்தது. திரும்பியவள் பதறிப்போனாள்.

"மில் சத்தத்துல கேக்கல அக்கா, மன்னிச்சிக்கோங்க!"

நம்பினேன், அரைகுறையாக. உட்கார்ந்ததும் எச்சரிக்கைக்காகச் சொன்னேன். "சாருக்கு உன் மேல சந்தேகம். ஆய்வாளர் வர்ற நாள்ல கையும் களவுமா பிடிக்கணும்னு இருக்காரு. ஏதாவது இருந்தா இப்பவே விட்டுடு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இந்த வேலை போச்சுன்னா நானும் இவளும் அண்ணன் வீட்டு வாசல்லதான் போய் நிக்கணும் அக்கா. ஒரு தடவை நின்னு பார்த்தாச்சு. அண்ணி கதவைத் தொறந்து, எப்ப கிளம்பறேன்னு கேட்டுட்டுத்தான் உள்ள விட்டாங்க."

என்ன ஒளிக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. வாயைப் பிடுங்கிப் பார்த்தேன், பிடி கொடுக்கவில்லை. படியிறங்கும்போது, இவளிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஆய்வாளர் வருகிற நாளும் வந்தது. காலையில் டார்ச் சார் என்னையும் கூட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்து, கட்டடம் அதிரச் சொன்னார். "டீச்சர்! ஆய்வாளர் கேள்வி கேக்கும்போது நீங்க பின்பக்கம் போய் சுவரைப் பார்த்து நிக்கணும்! பிள்ளைங்களைப் பார்க்கக்கூடாது! நான் கூப்பிட்டாத்தான் திரும்பணும்! புரியுதா?"

"வேற எந்தச் சோதனை வேணும்னாலும் வைங்க சார். சுவரைப் பார்த்து மட்டும்..." என்று இழுத்தாள்.

டார்ச் சார் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! 'சொன்னேனா இல்லையா' என்று அந்தப் பார்வை கேட்டது. சாட்சிக்கு இருக்கட்டும் என்று என்னையும் அங்கேயே நிற்கச் சொன்னார். மாட்டிக்கொண்டாளே என்று எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அப்படி என்னதான் செய்து தொலைத்திருக்கிறாள்?

ஆய்வாளர் முழங்கால் வலிக்காரர். வந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். டார்ச் சார் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார். அவள் பின்சுவர் வரைக்கும் நடந்து போய், முகத்துக்கு நேரே சுவர் இருக்க நின்றாள். அவள் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் ஆய்வாளர்.

அவர் புத்தகத்தை நடுவில் எங்கேயோ திறந்து ஒரு பையனிடம் நீட்டினார். வாசித்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பி இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார். வாசித்தாள். தானே போர்டில் புத்தகத்தில் இல்லாத சொற்களாக எழுதினார். முன்பல் இரண்டும் விழுந்த பொக்கைவாய்க்காரி ஒருத்தி, காற்றுப் போகப் போக அதையும் சொல்லிவிட்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஒரு கை அசையவில்லை. டார்ச் சார் பிள்ளைகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கூரையைக்கூடப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

"பிரமாதம்!" என்றார் ஆய்வாளர். "அந்தம்மாவைத் திரும்பச் சொல்லுங்க."

டார்ச் சார் அதிகாரிக்கு முன்னால் வருகிற அந்தப் பூனைக்குட்டிக் குரலில், "டீச்சர், திரும்பலாம்" என்றார்.

அவள் திரும்பவில்லை.

"டீச்சர்... திரும்புங்க."

அசையவில்லை. அவ்வளவு சின்னப் பிள்ளைகள் அப்படி ஒரு பயத்தோடு உட்கார்ந்திருந்து நான் பார்த்ததே இல்லை. பொக்கைவாய்க்காரி சட்டென்று எழுந்து பின்பக்கம் ஓடப் பார்த்தாள். டார்ச் சார் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தானே மெதுவாகப் போய்ப் புது டீச்சருக்குப் பின்னால் நின்றார். ஆய்வாளருக்கு முதுகைக் காட்டியபடி, பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். பக்கவாட்டில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. அவள் இமைகூட அசையவில்லை.

அட கடவுளே! மில்லுக்கு மேலே வீடு, வாயைப் பார்க்கிற பார்வை, அரைவட்ட பெஞ்சு, கை ஆட்டுகிற பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே நொடியில் புரிந்துபோயிற்று. சைகை அவளிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகவில்லை. பிள்ளைகளிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது. பெல் அடித்துவிட்டது, ஆள் வந்திருக்கிறார், டார்ச் சார் எட்டிப் பார்க்கிறார் என்று அந்தப் பொடிசுகள் அவளுக்குக் காதாக இருந்திருக்கின்றன. உலகத்தில் ஒருத்தரையும் நம்பாத இந்த மனுஷர் மட்டும் இதை எப்படிக் கோட்டை விட்டார்? இவர் எப்போதும் போட்டது கத்தல். அந்தக் கத்தல் ஒன்றுதான் அவளுக்குக் கொஞ்சமாவது கேட்டிருக்கிறது. இவர் கூப்பிட்ட நேரமெல்லாம் அவள் திரும்பியிருக்கிறாள்.

"என்ன சார், அந்தம்மா திரும்ப மாட்டேங்கறாங்க?" என்றார் ஆய்வாளர்.

டார்ச் சார் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார். அவர் கழுத்தில் வியர்வை ஓடியது.

"டீச்சர்ர்ர்!"

ஜன்னல் கதவு ஆடியது. ஆய்வாளர் நாற்காலியோடு துள்ளினார். அவள் சட்டென்று திரும்பினாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்று டார்ச் சார் மறுபடியும் பூனைக்குட்டியாகிவிட்டார். "நான் சத்தமாக் கூப்பிட்டாத்தான் திரும்பணும்னு சொல்லியிருந்தேன். மெதுவாக் கூப்பிட்டா ஏமாறறாங்களான்னு பார்த்தேன். ஏமாறல."

பொய்! அவர் வாயிலிருந்து, என் காதால் கேட்ட பொய்! ஆய்வாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்க சந்தேகம் அடங்கவே அடங்காதா சார்? சரி, வச்சுக்கலாமா?"

டார்ச் சார் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளும் அதையேதான் பார்த்தார்கள்.

"வச்சுக்கலாம்" என்றார், வாயை நன்றாகத் திறந்து.

"உங்க வாயாலயே வந்தாச்சு, இதுக்கு மேல நான் என்ன பார்க்கறது?" என்று ஆய்வாளர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். அவர் வண்டி ஏறிப் போகிற வரைக்கும் டார்ச் சார் வாசலில் நின்றார். திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, "இவ்வளவு சுலபமா நம்பறாரு பாருங்க. இன்னும் எங்கெங்க என்னத்தையெல்லாம் நம்பிட்டு வந்தாரோ!" என்று பல்லைக் கடித்தார். இரக்கப்பட்டுச் செய்தாரா, தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படித்த படிப்பைப் பார்த்துச் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டாலும் உண்மையைச் சொல்வாரா என்ன? ஒரு பொய் சொன்ன ஆள்தானே!

வகுப்புக்குள் அவள் அழுதுகொண்டிருந்தாள். பாப்பா பிறந்த சமயத்தில் வந்த காய்ச்சலில் போன காது என்று சொன்னாள். தெரிந்தால் வேலை கிடைக்காது என்று யாரிடமும் சொல்லவில்லையாம். பிள்ளைகளுக்குக்கூட அவள் எதுவும் சொல்லித்தரவில்லையாம், அவர்களாகவே கண்டுபிடித்து அவர்களாகவே கையை ஆட்ட ஆரம்பித்தார்களாம். அவள் முன்னால் போய் நேருக்கு நேர் நின்று, டார்ச் சார் மெதுவாக, "நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றார். அவள் அதைக் கண்ணால் வாங்கிக்கொண்டு தலையாட்டினாள்.

பிறகு அவர் பொக்கைவாய்க்காரியின் பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். பக்கத்துப் பிள்ளை டிராயரை நனைத்தால்கூட ஊருக்கே சொல்லிவிடுகிற வயசு. ஒரு வருஷமாக ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை, அம்மா அப்பாவிடம்கூட. அதுதான் அவரை அரித்திருக்க வேண்டும்.

"டீச்சருக்குக் காது கேக்காதுன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க அனுப்பிடுவீங்க சார்."

டார்ச் சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அனுப்பியிருப்பேனா டீச்சர்?"

எனக்குச் சர்க்கரை தடவிப் பேசத் தெரியாது. "மறுநாளே அனுப்பியிருப்பீங்க சார்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பிள்ளையிடம் குனிந்து, அதிகாரியிடம் பேசுகிற அந்தக் குரலில் சொன்னார்.

"இனிமே அனுப்ப மாட்டேன். யார் சொன்னாலும் அனுப்ப மாட்டேன். நம்பறியா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தன் டீச்சரைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

"நம்பல சார்" என்றாள்.